கேபிளை மாற்றும் முன் இதைப் பாருங்கள்: ஹை-ஃபை கோளாறுகள், அறிகுறி வாரியாக

ஆம்ப்ளிஃபயர் நல்லது, ஸ்பீக்கரும் நல்லது, ஆனாலும் பாட்டில் ஏதோ குறைகிறது என்று தோன்றினால் பலரும் முதலில் கை வைப்பது கேபிளில்தான். ஸ்பீக்கரை மாற்ற வேண்டுமென்றால் பழையதை விற்க வேண்டும், வீட்டில் பதில் சொல்ல வேண்டும். கேபிளில் அந்தத் தொல்லை கிடையாது. கழற்றினோம், மாட்டினோம், முடிந்தது.

ஆனால் கேபிள் ஒலியில் எதையும் கூட்டித் தராது. ஒரு முனையில் வாங்கியதை மறுமுனையில் கொஞ்சம் குறைத்தோ, கொஞ்சம் இரைச்சல் சேர்த்தோ கொடுக்கும். அந்தக் குறையும் இரைச்சலும் காதுக்கு எட்டாத அளவில் இருந்தால் அது நல்ல கேபிள். அதற்கு மேல் எத்தனை மடங்கு விலை கொடுத்தாலும் மிச்சப்படுத்த அங்கே ஒன்றும் இல்லை. ஆகவே உங்கள் கேபிள் இப்போது எதைக் கெடுக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அது எதையும் கெடுக்கவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

கீழே உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். கையில் ஒரு மல்டிமீட்டர், உபரியாக ஒரு சாதாரண ஆர்சிஏ கேபிள் (சாதனத்தை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும், நடுவில் ஊசியும் சுற்றி வளையமும் உள்ள பிளக் கொண்டது), பேனாக்கத்தி, டார்ச் இருந்தால் போதும். எந்தச் சோதனையிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இன்னொன்று: ஆர்சிஏ பிளக்கைக் கழற்றி மாட்டும் முன் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிடுங்கள். அந்தப் பிளக்கின் வடிவமைப்பே கோளாறு. மாட்டும்போது வெளி வளையத்துக்கு முன்பே நடு ஊசி தொட்டுவிடும். அந்த ஒரு கணம் கிரவுண்டு இல்லாமல் ஸ்பீக்கர் அலறும்.

ஒரு பக்க ஸ்பீக்கர் வரவில்லை, அல்லது விட்டுவிட்டு வருகிறது

இது உண்மையிலேயே கேபிளாக இருக்க நிறைய வாய்ப்புள்ள கோளாறு. இடது பக்கம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

1. ஆம்ப்ளிஃபயர் பக்கம் மட்டும் இடது, வலது ஆர்சிஏ பிளக்குகளை மாற்றிச் செருகுங்கள். மௌனம் வலது ஸ்பீக்கருக்கு இடம் மாறினால் கோளாறு கேபிளிலோ அதற்கு முன்னால் உள்ள சாதனத்திலோ இருக்கிறது. இடதிலேயே நின்றால் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் கம்பி, ஸ்பீக்கர் மூன்றில் ஒன்று.

2. மௌனம் இடம் மாறியிருந்தால், பழையபடி செருகிவிட்டு, இப்போது இரண்டு முனைகளிலும் சேர்த்து மாற்றுங்கள். அதாவது இடதுக்கான வேலையை வலது கம்பி செய்யட்டும். மௌனம் வலதுக்குப் போனால் கம்பிதான் குற்றவாளி. இடதிலேயே நின்றால் சாதனத்தின் இடது அவுட்புட் போய்விட்டது.

3. முதல் சோதனையில் மௌனம் இடதிலேயே நின்றிருந்தால், ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு அதன் பின்பக்கம் ஸ்பீக்கர் கம்பிகளை இதே முறையில் மாற்றிப் பாருங்கள்.

கம்பிதான் என்று தெரிந்தால், மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு முனையின் நடு ஊசிக்கும் மறுமுனையின் நடு ஊசிக்கும் பிடித்துக்கொண்டு, பிளக்கின் கழுத்தை மெல்ல வளையுங்கள். பீப் சத்தம் விட்டுவிட்டு வந்தால் உள்ளே சாலிடர் விட்டிருக்கிறது. பெரும்பாலும் உடைவது அந்தக் கழுத்தில்தான், கேபிளின் நடுவில் அரிதாகத்தான் போகும். சாலிடர் செய்யத் தெரிந்தவர்களுக்குப் பத்து நிமிட வேலை. தெரியாதவர்கள் சாதாரண கேபிள் ஒன்று வாங்கிப் போடலாம்.

வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் அது குமிழுக்குள் சேர்ந்த அழுக்கு, கேபிளுக்குச் சம்பந்தமில்லை. எப்போதும் லேசாகக் கரகரத்தால் பிளக்கை நான்கைந்து முறை திருகிவிட்டுப் பாருங்கள். மேலே படிந்த ஆக்சைடு உரசிப் போய்விடும். தங்க முலாம் பூசிய பிளக்கின் பயனும் இவ்வளவுதான்: அது துருப்பிடிக்காது. தங்கம் செம்பைவிடக் குறைவாகவே மின்சாரம் கடத்தும் என்பதால் ஒலிக்கு அதில் தனி லாபம் எதுவும் இல்லை. ஈரக்காற்றும் உப்புக்காற்றும் உள்ள இடமென்றால் முலாம் நல்லது.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல்

கேபிள் விற்பனைக்கு மிக உதவும் அறிகுறி இது. கேபிளை மாற்றினால் சில சமயம் நிஜமாகவே குறையும், அதனால் நம்பிக்கை வந்துவிடும். ஏன் குறைகிறது என்று தெரிந்தால் விலை உயர்ந்த கேபிள் தேவைப்படாது.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். அடிவயிற்றிலிருந்து வரும் மென்மையான உறுமல் என்றால் மின்விநியோகத்தின் அதிர்வெண், அதாவது 50 ஹெர்ட்ஸ், சில நாடுகளில் 60. கிரவுண்டு வழியாக வருவது பெரும்பாலும் இதுதான். வண்டு ரீங்காரம் போலக் கூர்மையாக இருந்தால் அதில் 100 அல்லது 120 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கலந்திருக்கின்றன. அது ஆம்ப்ளிஃபயரின் பவர் சப்ளையில் வயதான கெப்பாசிட்டராக இருக்கலாம், லைட் டிம்மராகவும் இருக்கலாம்.

அடுத்து எல்லா இன்புட் கேபிள்களையும் கழற்றிவிடுங்கள். அப்போதும் உறுமினால் கோளாறு ஆம்ப்ளிஃபயருக்குள், மெக்கானிக்கிடம் கொடுங்கள். உறுமல் நின்றால் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள், ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டு. எதை மாட்டும்போது திரும்ப வருகிறதோ அதுதான் வழி. மூன்றில் இரண்டு பங்கு சந்தர்ப்பங்களில் என்று சொல்ல என்னிடம் கணக்கில்லை, ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது எப்போதும் டிவிக்கு வரும் கேபிள் அல்லது டிஷ் வயரையும், சார்ஜரில் மாட்டிய லேப்டாப்பையும்தான். சார்ஜரைக் கழற்றியதும் உறுமல் நின்றால் விடை கிடைத்துவிட்டது. மவுஸை நகர்த்தும்போது ஸ்பீக்கரில் கீச்சென்று கேட்பதும் இதே குடும்பம்தான்.

நடப்பது இதுதான். இரண்டு சாதனங்கள் வெவ்வேறு பாதையில் பூமியுடன் இணைந்திருக்கின்றன. அவற்றின் கிரவுண்டு மின்னழுத்தத்தில் சிறு வித்தியாசம் இருக்கும். ஆர்சிஏ கேபிளால் இணைத்ததும் அதன் வெளிக்கவசம் வழியே மின்னோட்டம் பாய்கிறது. அதே கவசம்தான் சிக்னல் திரும்பும் பாதையும். கவசத்தின் தடை 0.1 ஓம், பாயும் மின்னோட்டம் 10 மில்லி ஆம்பியர் என்றால் 1 மில்லி வோல்ட் உறுமல் சிக்னலோடு ஒட்டிக்கொள்ளும். சிடி பிளேயரின் முழு அவுட்புட் 2 வோல்ட் என்று வைத்தால் இது அதைவிட 66 டெசிபெல் கீழே. இரவு அமைதியில் தாராளமாகக் கேட்கும்.

இங்கே கேபிளின் தரத்துக்கு நிஜமான பங்கு உண்டு. மெல்லிய அலுமினியத் தாள் மட்டும் சுற்றிய கேபிளைவிட அடர்த்தியாகச் செம்புப் பின்னல் போட்ட கேபிளின் கவசத் தடை குறைவு. தடை குறைந்தால் உறுமலும் அதே விகிதத்தில் குறையும். அந்தச் செம்புப் பின்னல் ஒளிபரப்பு நிலையங்கள் மீட்டர் கணக்கில் வாங்கும் சாதாரண கோஆக்ஸ் கம்பியிலேயே இருக்கிறது. வெள்ளிக் கம்பியோ பெட்டிக்குள் வெல்வெட் துணியோ இதில் எதையும் மாற்றாது.

சரிசெய்யும் வரிசை: எல்லாச் சாதனங்களையும் ஒரே பவர் ஸ்டிரிப்பில் மாட்டுங்கள். கேபிளைச் சுருக்குங்கள். டிவி சம்பந்தப்பட்டிருந்தால் ஆப்டிகல் கேபிளுக்கு மாறுங்கள், அதில் மின்சாரமே போகாது. அதுவும் முடியாவிட்டால் ஆர்சிஏ வழியில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (கம்பித் தொடர்பைத் துண்டித்துச் சிக்னலை மட்டும் கடத்துவது). இரண்டு பக்கமும் எக்ஸ்எல்ஆர் (மூன்று ஊசி பிளக்) இருந்தால் பேலன்ஸ்டு இணைப்பு, அதாவது சிக்னலுக்குக் கவசத்தை நம்பாமல் தனியாக இரண்டு கம்பிகள் உள்ள இணைப்பு, எல்லாவற்றையும்விட மேல். ஆனால் எக்ஸ்எல்ஆரிலும் உறுமல் வருவதுண்டு. கேபிள் கவசத்தைச் சாதனத்தின் உலோகப் பெட்டியில் இணைக்காமல் உள்ளே சர்க்யூட் போர்டில் இணைத்துவிடும் தவறு அது. நீல் மன்சி 1995-ல் இதற்கு 'பின் 1 கோளாறு' என்று பெயர் வைத்து விளக்கினார். அப்படிப்பட்ட சாதனத்தில் எந்தக் கேபிளைப் போட்டாலும் உறுமும்.

எர்த் பின்னை உடைத்தால் உறுமல் நிற்கும் என்று யாராவது சொல்வார்கள். நிற்கும்தான். ஆனால் நாளை உள்ளே ஒரு கம்பி பெட்டியில் பட்டால் ஆம்ப்ளிஃபயரைத் தொடுபவர் உயிருக்கு ஆபத்து. செய்யவே கூடாது.

டர்ன்டேபிள் (ரெக்கார்டைச் சுழற்றும் சாதனம்) மட்டும் உறுமினால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். அதிலிருந்து தனியாக வரும் மெல்லிய கிரவுண்டு கம்பி ஃபோனோ ப்ரீஆம்ப்பின் (ரெக்கார்டின் சிறு சிக்னலைப் பெருக்கும் பெட்டி) திருகில் இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

செல்போன் பக்கத்தில் வந்தால் 'டிட்-டிட்-டிட்'

பழைய ஜிஎஸ்எம் போன்கள் நொடிக்கு 217 முறை துண்டு துண்டாக ஒலிபரப்பும். அதை ஆம்ப்ளிஃபயர் பிடித்துக்கொள்கிறது. போனைத் தள்ளி வையுங்கள். நிற்காவிட்டால் கேபிள் நுனியில் ரேடியோ அலை இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் ஒன்றை மாட்டுங்கள்.

பேஸ் இல்லை, பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்திருக்கிறார்

'என் சிஸ்டத்துக்கு உடம்பே இல்லை' என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பீக்கர் கம்பியின் கூட்டல் கழித்தல். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். குறைந்த அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும்.

மோனோ பதிவு, அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும் பதிவு ஒன்றைப் போடுங்கள். பழைய பாடல் எதுவானாலும் சரி. சரியாக இணைத்திருந்தால் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரே புள்ளியில் குரல் நிற்கும். நிற்காவிட்டால் ஒரே ஒரு ஸ்பீக்கரில் மட்டும் கம்பியை மாற்றுங்கள். பேஸ் உடனே திரும்பினால் வேலை முடிந்தது. கம்பியில் எந்த இழை எதுவென்று அடையாளம் தெரியாவிட்டால், ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிய முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். வூஃபர் வெளியே தள்ளினால் பேட்டரியின் கூட்டல் முனை தொட்ட இழை ஸ்பீக்கரின் கூட்டலுக்குப் போகிறது.

சத்தம் மெலிந்திருக்கிறது, ஸ்பீக்கர் தூரத்தில் இருக்கிறது

இதற்குக் கணக்கு போட்டால் போதும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை மீட்டருக்குச் சுமார் 0.008 ஓம். ஸ்பீக்கர் 3 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 6 மீட்டர், மொத்தம் 0.05 ஓமைத் தாண்டாது. 8 ஓம் ஸ்பீக்கரில் இது ஏற்படுத்தும் இழப்பு 0.05 டெசிபெல். எந்தக் காதுக்கும் அது தெரியாது. எவ்வளவு விலை கொடுத்தாலும் நீங்கள் மீட்கக்கூடியது அந்த 0.05-க்குள்தான்.

இப்போது மறுகோடியைப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரோடு இலவசமாக வந்த 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை 10 மீட்டர் இழுத்து 4 ஓம் ஸ்பீக்கரில் மாட்டினால் கம்பித் தடை 0.78 ஓம், இழப்பு ஒன்றரை டெசிபெல். வெறும் சத்தக் குறைவாக இருந்தால் வால்யூமைத் திருப்பி ஈடு செய்துவிடலாம். ஆனால் ஸ்பீக்கரின் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. 4 ஓம் என்று அட்டையில் போட்ட ஸ்பீக்கர் ஓரிடத்தில் 4 ஆகவும் இன்னோரிடத்தில் 20 ஆகவும் இருக்கும். 20 ஓம் உள்ள இடத்தில் இதே கம்பியின் இழப்பு 0.33 டெசிபெல் மட்டுமே. ஆக ஒலியின் ஒரு பகுதி மற்றொன்றைவிட ஒரு டெசிபெலுக்கு மேல் தூக்கலாகிறது. சுருதி ஞானம் இல்லாதவருக்கும் குணம் மாறியது தெரியும். கேபிள் மாற்றினால் வித்தியாசம் கேட்கிறது என்று சொல்பவர்களில் ஒரு பகுதியினர் பொய் சொல்லவில்லை, அவர்களுடைய பழைய கம்பி இப்படி இருந்திருக்கும்.

எவ்வளவு தடிமன் போதும்? கம்பியின் மொத்தத் தடை ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். மெக்கின்டாஷ் நிறுவனத்தில் ஸ்பீக்கர் வடிவமைத்த ரோஜர் ரஸ்ஸல் தன் கம்பி அட்டவணையை இந்தக் கணக்கில்தான் போட்டார். அதன்படி 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி 8 ஓம் ஸ்பீக்கருக்கு 15 மீட்டர் வரை தாங்கும், 4 ஓமுக்கு ஏழரை மீட்டர். அதற்கு மேல் தூரம் என்றால் 2.5 எடுங்கள். மனம் கேட்காவிட்டால் 4 எடுங்கள். அதற்கு மேல் போனால் பல ஸ்பீக்கர் முனையங்களில் நுழையாது.

கணக்கு சரியாக வந்தும் சத்தம் மெலிவாக இருந்தால் கம்பியையே சந்தேகப்படுங்கள். நுனியைச் சீவி ஓர் இழையைப் பிரித்தெடுத்து, வெளிச்சத்தில் வைத்துப் பேனாக்கத்தியால் மேலே லேசாகச் சுரண்டுங்கள். செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளையாகப் பளபளத்தால் அது செம்பு பூசிய அலுமினியம். பெட்டியில் 'ஸ்பீக்கர் கேபிள்' என்று மட்டும் போட்டு, செம்பு என்று எங்கேயும் சொல்லாமல் விட்டிருப்பார்கள். ஒரே தடிமனுள்ள சுத்தச் செம்பைவிட இதன் தடை ஒன்றரை மடங்குக்கு மேல். இரண்டு மூன்று முறை மடக்கினாலே இழை ஒடியும், கையில் எடுத்தால் எடையும் இருக்காது. வெள்ளீயம் பூசிய செம்பு இதற்கு நேர் எதிர்: வெளியே வெள்ளை, சுரண்டினால் உள்ளே சிவப்பு. அது நல்ல கம்பி, தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

அளந்தே பார்க்க வேண்டுமா? ஸ்பீக்கர் பக்கம் இரண்டு இழைகளையும் முறுக்கிவிட்டு, ஆம்ப்ளிஃபயர் பக்கம் மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். மீட்டரின் சொந்த வயர்களே 0.2, 0.3 ஓம் காட்டும். அவற்றை ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்துவிடுங்கள்.

ஆக்சிஜன் இல்லாத செம்பு, வெள்ளி, 'ஸ்கின் எஃபெக்ட்' என்று அட்டையில் எழுதியிருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆக்சிஜன் நீக்கிய செம்பு சாதாரண மின்கம்பிச் செம்பைவிடக் கடத்துதிறனில் ஒரு சதவீதம் மேல். வெள்ளி செம்பைவிட 6 சதவீதம் மேல். கம்பியை ஒரு அளவு தடிமனாக எடுத்தால் இவற்றைப் போலப் பல மடங்கு லாபம். ஸ்கின் எஃபெக்ட், அதாவது அதிர்வெண் கூடக் கூட மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்புக்கு ஒதுங்குவது, உண்மையான இயற்பியல்தான். ஆனால் 20,000 ஹெர்ட்ஸில்கூட மின்னோட்டம் செம்புக்குள் அரை மில்லிமீட்டர் அளவுக்கு இறங்குகிறது. இந்தத் தடிமன் கம்பிகளில் அது காதுக்குத் தெரியும் அளவுக்கு எதையும் செய்யாது.

புதுக் கேபிள் போட்ட பிறகு ஆம்ப்ளிஃபயர் கொதிக்கிறது, அல்லது தானாக அணைகிறது

தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. சில ஆடம்பர ஸ்பீக்கர் கேபிள்கள் இண்டக்டன்ஸை (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம்) குறைப்பதற்காகப் பல இழைகளைப் பின்னியோ தட்டையாக ஒட்டியோ செய்யப்படுகின்றன. அதனால் கெப்பாசிட்டன்ஸ் (இழைகளுக்கு இடையே மின்னூட்டம் சேரும் குணம்) தாறுமாறாக ஏறிவிடும். சில ஆம்ப்ளிஃபயர்கள் அதைத் தாங்காமல், காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் தானாகவே அலைவுறத் தொடங்கும். பாட்டே ஓடாதபோதும் சூடாகும். உடனே அணைத்துவிட்டுச் சாதாரண இரட்டை இழைக் கம்பியை மாட்டுங்கள்.

அதற்கு முன், முனையத்தில் ஓர் ஒற்றை மயிரிழை பக்கத்து முனையத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அணைந்து போவதற்கு அதுவே காரணமாக இருப்பது சகஜம்.

ரெக்கார்டு கேட்கும்போது 'ச', 'ஸ' எழுத்துகள் குத்துகின்றன, அல்லது உச்சஸ்தாயி மங்கலாக இருக்கிறது

ஒரு மீட்டர் கேபிளை மாற்றினால் ஒலி நிஜமாகவே மாறும் இடம் ஒன்று உண்டென்றால் இதுதான். விற்பனைக்காரர்கள் இதைப் பற்றி அதிகம் பேசாதது எனக்கு ஆச்சரியம்.

ரெக்கார்டின் பள்ளத்தில் ஓடும் ஊசியைத் தாங்கும் சிறு பாகம்தான் கார்ட்ரிட்ஜ். அதில் மூவிங் மேக்னட் (ஊசியோடு காந்தம் ஆடும்) வகைக்குள் இருக்கும் சுருளின் இண்டக்டன்ஸ் மிகப் பெரியது, அரை ஹென்றி அளவில். கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் அதோடு சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்குகிறது. மொத்தம் 200 பிகோஃபாரட் (கெப்பாசிட்டன்ஸின் அலகு) இருந்தால் அந்த ஒத்ததிர்வு 16,000 ஹெர்ட்ஸ் பக்கம் உட்காரும். 400 பிகோஃபாரட் ஆனால் 11,000-க்கு இறங்கிவிடும். அங்கே ஒரு மேடு, அதற்கு மேல் சரிவு. மேடு 'ஸ'-வைக் குத்த வைக்கும், சரிவு ஜால்ராவின் மினுமினுப்பைத் தின்னும். ஒரே கோளாறுக்கு இரண்டு விதமாகப் புகார் வருவது இதனால்தான்.

கார்ட்ரிட்ஜ் காகிதத்தில் எத்தனை பிகோஃபாரட் வேண்டும் என்று போட்டிருக்கும். 100 முதல் 200 வரை கேட்பவை நிறைய. இப்போது உங்கள் கூட்டல்: டோன்ஆர்முக்குள் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) ஓடும் கம்பி, ஆர்சிஏ கேபிள், ஃபோனோ ப்ரீஆம்ப்பின் இன்புட், மூன்றும் சேரும். கேபிள் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் இருப்பது சாதாரணம். ப்ரீஆம்ப்பே இன்னொரு 100 முதல் 200 வைத்திருக்கும். 2 மீட்டர் கேபிள் போட்டால் எல்லை தாண்டிவிட்டது.

கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் கேபிளை இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு, ஒரு முனையில் நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் இடையே பாருங்கள். மறுமுனை எதையும் தொடக் கூடாது. மீட்டர் வயர் மட்டும் காட்டும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். அதிகமாக இருந்தால் குட்டையான, கெப்பாசிட்டன்ஸ் குறைந்த கேபிள் வாங்குங்கள். விவரத்தாளில் 'மீட்டருக்கு இத்தனை பிகோஃபாரட்' என்று எண் போட்டிருக்கும் கேபிளாகப் பாருங்கள். எண்ணே போடாமல் 'காற்றோட்டமான உச்சஸ்தாயி' என்று எழுதியிருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் (காந்தத்துக்குப் பதில் சுருளே ஆடும் வகை) வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, சுருள் மிகச் சிறியது. சிடி பிளேயர், டிஏசி (டிஜிட்டல் தரவை ஒலிச் சிக்னலாக மாற்றும் கருவி) போன்றவற்றுக்கும் கிடையாது. அவற்றின் அவுட்புட் மின்மறுப்பு 100 ஓம் என்றும் கேபிள் 100 பிகோஃபாரட் என்றும் வைத்தால் குறைய ஆரம்பிக்கும் இடம் 1.6 கோடி ஹெர்ட்ஸ். வௌவாலுக்கும் கேட்காது. ஒரே விதிவிலக்கு, பவர் இல்லாத வெறும் வால்யூம் பெட்டி வைத்திருப்பவர்கள். உள்ளே 50 கிலோ ஓம் குமிழ் இருந்து, அங்கிருந்து 5 மீட்டர் கேபிள் போனால் 20,000 ஹெர்ட்ஸில் 2 டெசிபெல் வரை இழக்கலாம். பெட்டியை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வையுங்கள்.

டிஜிட்டல்: 'டிக் டிக்', திடீர் மௌனம், படத்தில் புள்ளிகள்

டிஜிட்டல் கேபிள் கெட்டால் இப்படித்தான் கெடும். தரவு வந்து சேர்ந்தால் முழுதாகச் சேரும், சேராவிட்டால் சொடுக்குச் சத்தமும் மௌனமும். குரல் மட்டும் கொஞ்சம் இனிமை குறைவதோ, வீணையின் நாதம் மட்டும் மெலிவதோ நடக்காது. ஜிட்டர், அதாவது தரவு வரும் நேரத்தில் ஏற்படும் சிறு தடுமாற்றம் பற்றிக் கேட்பீர்கள். இசையில் அது காதுக்குத் தெரிய நானோநொடிக் கணக்கில் வேண்டும். இன்றைய டிஏசிகள் அதைப் பிகோநொடிக் கணக்கில் வைத்திருக்கின்றன.

சொடுக்குச் சத்தம் வந்தால்: கோஆக்ஸ் இணைப்புக்கு 75 ஓம் கேபிள்தான் போட்டிருக்கிறீர்களா? ஆப்டிகல் என்றால் நுனியில் இருக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடியை எடுத்தீர்களா? சிரிக்க வேண்டாம், நிறைய வீடுகளில் அது அப்படியே இருக்கும். மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா, எங்காவது கூர்மையாக மடிந்திருக்கிறதா? எச்டிஎம்ஐ என்றால் நீளம் கூடக் கூடத் தோல்வி கூடும். அதிகத் தெளிவுப் படத்துக்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' சான்றிதழ் உள்ளதை வாங்கினால் போதும், அது 48 ஜிகாபிட் வரை சோதிக்கப்பட்டது. நெட்வொர்க் கேபிளைப் பொறுத்தவரை, பிழையான பொட்டலத்தைக் கருவிகளே தூக்கி எறிந்துவிட்டு மறுபடி கேட்டு வாங்கிக்கொள்கின்றன. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த வயரைக் கழற்றிப் பாருங்கள். பாட்டு இன்னும் சில நொடிகள் ஓடும். அந்த நொடிகளில் எந்தக் கேபிள் வழியாகவும் எதுவும் வரவில்லை.

கோளாறு எதுவும் இல்லை, ஆனால் இன்னும் கொஞ்சம் தெளிவு வேண்டும்

இந்த அறிகுறிக்குக் கேபிள் மருந்தே அல்ல. அறையைப் பாருங்கள். 5 மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸ் அருகே ஒலி சுவருக்குச் சுவர் நின்று அடிக்கும். ஸ்பீக்கரையும் நாற்காலியையும் நகர்த்தினால் பேஸில் பல டெசிபெல் மாறும். தலையை ஒரு சாண் நகர்த்தினாலே உச்சஸ்தாயி மாறுகிறது. கேபிள் மாற்ற எழுந்துபோய், திரும்பி வந்து உட்காரும்போது தலை அதே இடத்திலா இருக்கிறது? பழைய பிளக்கைக் கழற்றி மாட்டியதில் ஆக்சைடும் உரசிப் போயிருக்கும். அதையும் புதுக் கேபிளின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

பவர் கேபிளுக்கு இந்த ஒரு பத்தி போதும். உள்ளே வரும் மின்சாரத்தை ஆம்ப்ளிஃபயர் டிரான்ஸ்ஃபார்மரில் இறக்கி, திருத்தி, கெப்பாசிட்டரில் சேமித்துத்தான் பயன்படுத்துகிறது. பிளக் தளர்ந்திருக்கிறதா, தொட்டால் சுடுகிறதா என்று மட்டும் பாருங்கள். சுட்டால் மாற்றுங்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் காதையே கேட்கலாம், கண்ணைக் கட்டிவிட்டு. 1983-ல் லாரன்ஸ் கிரீன்ஹில் ஸ்டீரியோ ரிவ்யூ இதழுக்காக இப்படி ஒரு சோதனை நடத்தினார். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். மெல்லிய 24 கேஜ் கம்பியைப் பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த சோதனை இரைச்சல்) போட்டபோது கேட்டவர்கள் கண்டுபிடித்தார்கள். சாதாரண 16 கேஜ் கம்பிக்கும் தடித்த பிராண்டு கேபிளுக்கும் இடையே பாட்டில் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. மேலே போட்ட ஓம் கணக்கும் இதையேதான் சொல்கிறது.

வீட்டிலும் செய்யலாம். நண்பர் ஒருவர் நாணயம் சுண்டி, உங்களுக்குத் தெரியாமல் கேபிளை மாற்ற வேண்டும். மாற்றாதபோதும் கழற்றி மாட்டும் சத்தம் வர வேண்டும். அவர் முகத்தை நீங்கள் பார்க்கக் கூடாது. வால்யூமைத் தொடக் கூடாது. சத்தம் அரை டெசிபெல் கூடினாலே நம் மூளை அதை 'தெளிவு' என்று எழுதிக்கொள்ளும். அதனால் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டி, இரண்டு கேபிளிலும் ஸ்பீக்கர் முனையத்தில் வோல்ட் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சில மல்டிமீட்டர்கள் 1,000-ல் சரியாகக் காட்டாது, அப்போது 200 ஹெர்ட்ஸ் வைத்துக்கொள்ளலாம். 16 முறை கேட்டு, எந்தக் கேபிள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். சும்மா ஊகித்தாலே 8 சரியாக வரும். ஊகத்தில் 12-ம் அதற்கு மேலும் வர நூற்றுக்கு நான்கு வாய்ப்புதான்.

12 வந்துவிட்டதா? அப்படியென்றால் இரண்டு கேபிளுக்கும் இடையே அளக்கக்கூடிய ஏதோ ஒன்று இருக்கிறது. எது விலை அதிகம் என்று பார்க்காமல் இரண்டையும் மல்டிமீட்டரில் ஓமும் பிகோஃபாரடும் எடுங்கள், பிளக்கின் கழுத்தை வளைத்துப் பாருங்கள், ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். இரண்டில் ஒன்று மேலே சொன்ன ஏதாவதொரு தலைப்பின் கீழ் வந்துவிடும்.